கிணற்றுக்குள் இருந்த மலை

எனக்குக் கல் என்றால் பைத்தியம். இதை வெட்கப்படாமல் சொல்கிறேன். பஸ் ஜன்னலில், சாலைக்காக வெட்டிய மேடு ஒன்று தெரிந்தால் கழுத்து சுளுக்கும் வரை திரும்பிப் பார்ப்பேன். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு ஓடும்போது நான் குனிந்து தரைக்கல்லைத் தடவிக்கொண்டிருப்பேன். சென்னையில் ஒரு கல்லூரியில் நிலவியல் முதுகலை படித்த இரண்டு வருஷத்தில் இது நன்றாக முற்றிவிட்டது. பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, சுத்தியலும் லென்ஸும் இருக்கும்.

ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் பாதி தூரம் நடந்து கால் வலிக்க ஆரம்பிக்கும் இடத்தில் எங்கள் ஊர் வரும். அப்பாவும் அம்மாவும் மல்லாட்டை போடுகிறார்கள், மற்றவர்கள் வேர்க்கடலை என்பார்களே, அதுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் மோர் விற்கிறார்கள். நான் கல்லைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா யோசித்துவிட்டு, "நம்ம நெலத்துல அதுக்குப் பஞ்சமே இல்ல, வா, வந்து படி" என்றார். அவ்வளவுதான் எதிர்ப்பு.

பள்ளிக்கூடத்தில் தமிழ்நாட்டின் நில அமைப்பு எனக்கு ஐந்து மார்க் கேள்வி. கடற்கரைச் சமவெளி, உள்நாட்டுச் சமவெளி, பீடபூமி, கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சி மலை என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். கல்லூரியில் அதே ஐந்து வரி உயிர் பெற்று எழுந்து உட்கார்ந்துகொண்டது. அரியலூர்ப் பக்கம் ஒரு பொட்டல் காட்டில் நின்று, கையில் ஒரு கல் கிளிஞ்சலை வைத்துக்கொண்டு, இங்கே கடல் இருந்தது என்று எங்கள் பேராசிரியை சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கிழக்குத் தொடர்ச்சி மலை ஏன் தொடராமல் ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது, நடுவில் புகுந்து அறுத்த ஆறுகள் எவை என்று தெரிந்தபோது அன்று முழுக்க வாய் மூடாமல் அதையே பேசினேன். எங்கள் பக்கத்துப் பாறையின் வயசு இருநூறு கோடி வருஷத்துக்கும் மேல் என்று கேட்ட அன்று அப்பாவுக்குப் போன் போட்டு, "அப்பா, இமயமலை நம்ம கல்லுக்கு முன்னாடி கைக்கொழந்தப்பா!" என்று கத்தினேன். "அப்படியா? சாப்பிட்டியா?" என்றார் அப்பா.

இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் எங்கள் பேராசிரியை வகுப்புக்கு வந்து ஒரு திட்டத்தைச் சொன்னார். துறையின் உள்முற்றத்தில் தரை முழுக்கத் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றைப் பதிக்கப் போகிறோம். பெயின்ட்டில் இல்லை, கல்லில். அந்தந்த ஊர்ப் பாறை அந்தந்த ஊர் இருக்கும் இடத்தில். "கடற்கரையில கால் வெச்சு ஆரம்பிச்சா இருபது எட்டுல நீலகிரிக்குப் போயிடலாம். நடந்தே படிக்கலாம்" என்றார். கல்லை நாங்கள்தான் அவரவர் ஊரிலிருந்து கொண்டுவர வேண்டும். ரோட்டில் பொறுக்கியது கூடாது, அது எந்த லாரியில் எங்கிருந்து வந்ததோ. கடையில் வாங்கியது கூடாது. பாறை பிறந்த இடம் எது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். அடுத்த திங்கட்கிழமை கொத்தனார் வந்துவிடுவார். கல் வராத ஊருக்குச் சிமென்ட் பூசிவிடுவார்கள்.

வகுப்பு சந்தைக்கடை ஆனது. சேலத்துப் பையன் தங்கள் ஊர் வெள்ளைக்கல்லைப் பற்றிப் பீற்ற ஆரம்பித்தான். அரியலூர்ப் பெண், "எங்க கல்லுல கடலே இருக்கு" என்றாள். தஞ்சாவூர்ப் பையன் பரிதாபமாக எழுந்து, "மேடம், எங்க ஊர்ல கல்லே கெடையாதே, வெறும் வண்டல்தானே?" என்று கேட்டான். அதையே உருண்டை பிடித்துச் சுட்டு எடுத்து வா என்று தீர்ப்பானது. நான் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டேன். "திருவண்ணாமலை என்னோடது! யாரும் தொடக் கூடாது!"

சேலத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தான். "உங்க ஊர்ல மலையே சாமியாச்சே. எப்படி உடைப்ப?"

நான் பெஞ்சிலிருந்து மெல்ல இறங்கினேன். ஜவ்வாதில் உடைத்திருக்கிறேன், கல்வராயனில் உடைத்திருக்கிறேன், கொல்லிமலையில் ஒரு பாறையை உடைத்துக் கட்டை விரலையும் சேர்த்து நசுக்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மலைப் பக்கம் மட்டும் சுத்தியலை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனேன். அழுக்குத் துணி எடுக்கப் பையைத் திறந்த அம்மா சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னாடி இது?"

"கல்லு எடுக்கணும்மா. காலேஜுல கேட்டாங்க."

"எந்தக் கல்லு?"

நான் வாசல் வழியாக மலையைப் பார்த்தேன். அம்மா என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உங்க தாத்தா கால்ல முள்ளு குத்துனாகூட மலைய விட்டு எறங்கி வந்துதான் எடுப்பாரு. முள்ளோட சேந்து மலை மண்ணு கொஞ்சம் வந்துடுமோனு அவருக்கு பயம். நீ சுத்தியல எடுத்துட்டு வந்து நிக்கிற."

"ஒரு கை அளவுதாம்மா."

"சாமிகிட்ட போயி, ஒரே ஒரு வெரல மட்டும் ஒடச்சிக் குடுனு கேப்பியா?"

எனக்குக் கோபம் வந்தது. தமிழ்நாட்டு வரைபடத்தில் என் ஊர் இருக்கும் இடத்தில் சிமென்ட்! மலையே இல்லாத தஞ்சாவூர்கூடச் சுட்ட மண் உருண்டையாகப் போய் உட்காரும், மலைக்காகவே உலகம் வருகிற ஊர் வெறும் பூச்சாக இருக்குமா? சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கழித்து நாலு தோசை சாப்பிட்டேன்.

அப்பாதான் வழி சொன்னார். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புது மனைகளில் ஒரு வீட்டுக்குக் கடக்கால் தோண்டும்போது பாறை வந்துவிட்டதாம். எங்கள் ஊர் மேஸ்திரி அங்கேதான் வேலை செய்கிறார். நாளைக் காலையில் பிரேக்கர் மிஷின் வந்து உடைக்கப் போகிறது. ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். அது மலை இல்லை, வேங்கிக்கால். அம்மாவுக்கும் ஆட்சேபணை இல்லை. நான் சந்தோஷத்தில் அப்பாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அங்கே போய் நின்றேன். பிரேக்கர் வண்டி தெருமுனையில் சும்மா நின்றுகொண்டிருந்தது. கடக்கால் குழியில், பாறை மேல் மூன்று பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம், ஒரு முழம் சாமந்தி. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மனைக்காரர் பேன்ட் சட்டையோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார். "பாப்பா, செருப்ப அங்கயே விட்டுடு."

"அண்ணா, இன்னைக்கு உடைக்கப் போறீங்கனு அப்பா சொன்னாரே?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் கல்லாதான் இருந்தாரு" என்றார் மேஸ்திரி, ரொம்பவும் சாதாரணமாக. "அப்புறம் சார் பாத்துட்டாரு. மேல கொஞ்சம் உருண்டையா இருக்குதுல்ல? இப்ப வீட்ட மூணு அடி தள்ளிக் கட்டப்போறோம். பிளான மாத்தணும். ஹால் கம்மியாயிடும், பரவாயில்லனு சொல்லிட்டாரு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த ஊரில் ஒரு பாறையை ராத்திரி தனியாக விட்டால் காலையில் அதற்கு மாலை விழுந்துவிடுகிறது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் திரும்பினேன். அதுவும் உண்மை.

வரும் வழியில் ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்கள் வாங்கும் கடை ஒன்றில் 'மலைக் கல்' என்று எழுதி மணிமாலை தொங்கியது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். உள்ளே குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள், சுத்தமான கண்ணாடி. கடைக்காரரிடம் சொன்னேன். "எல்லாம் நம்பிக்கைதான் மேடம்" என்றார் அவர். அன்று மத்தியானம் முழுக்க வீட்டில் உம்மென்று கிடந்தேன்.

ஞாயிறு காலை. சாயங்காலம் பஸ் ஏற வேண்டும். அம்மா நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள், அப்பா மோட்டார் போடப் போயிருந்தார். இருவருக்கும் டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, சும்மா உள்ளே எட்டிப் பார்த்தேன். கோடைக்குத் தண்ணீர் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கும் கிணறு. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்றுதான் எல்லோரும் அதில் பார்ப்போம். அன்றுதான் முதல் தடவையாகச் சுவரைப் பார்த்தேன்.

மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் செம்மண். அதன் கீழே மண்ணும் இல்லாமல் கல்லும் இல்லாமல் உதிரும் மொரம்பு. அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில், வெள்ளை வரிகள் ஓடிக்கொண்டிருக்கும் பாறை. வரிகள் எல்லாம் ஒரே பக்கமாக, மலை இருக்கும் பக்கமாகச் சாய்ந்து இறங்கின. தூக்கை அப்படியே வைத்துவிட்டுப் படிக்கல்லில் கால் வைத்து இறங்கினேன். லென்ஸை ஒட்டி வைத்துப் பார்த்தேன். பால் வெள்ளைத் துகள் ஒன்று, கண்ணாடி மாதிரி ஒன்று, நடுவில் மினுமினுக்கும் கறுப்பு மைக்கா. மலை அடிவாரத்தில், எங்கள் தெரு முடியும் இடத்தில், நான் நடை பழகிய நாளிலிருந்து நெற்றியை வைத்துக் கும்பிடும் பாறையில் இதே வரி, இதே மினுக்கல். அதற்கு லென்ஸ்கூட வேண்டாம், எனக்கு மனப்பாடம்.

"அப்பா!" என்று கத்தினேன். கிணறு அதை நாலு மடங்காக்கி மேலே அனுப்பியது. "அப்பா! மலை இங்க இருக்குது! நம்ம கிணத்துக்குள்ள இருக்குது!"

நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து அப்பா மண்வெட்டியோடு ஓடி வந்தார். பின்னாலேயே அம்மா. மேலே ஏறி வந்து மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். மலை என்று நாம் சொல்வது மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும்தான். மலை அடிவாரத்தில் முடிவதில்லை. ரோட்டுக்குக் கீழே, வீட்டுக்குக் கீழே, மல்லாட்டைக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது.

"மேல தெரியறதுதாம்ப்பா கம்மி. கீழ கெடக்கிறதுதான் ஜாஸ்தி!"

அப்பாவுக்குக் குஷி தாங்கவில்லை. "அப்ப நம்ம நெலம் மலை மேலயா கெடக்குது?" என்று காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். "இத்தினி நாளா சொல்லவே இல்லியே யாரும்!" என்று, யார் மேலோ குறை சொல்வதுபோல் சொன்னார். நான் கிணற்று மேட்டைக் காட்டினேன். கிணறு வெட்டியபோது வெடி வைத்துப் பெயர்த்துக் கொட்டிய கல் குவியல் அங்கேதான் கிடந்தது. சில கற்களின் விளிம்பில் வெடி மருந்து வைக்கத் துளைத்த குழியின் பாதித் தடம் இன்னும் இருந்தது. பிறந்த இடம் தெரிந்த பாறை! பேராசிரியை கேட்டது அப்படியே என் காலடியில்!

குவியல் மேல் உட்காரப் போன அம்மா பாதியில் நிமிர்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அப்ப இதுவும் மலைதான?"

"ஆமாம்மா!"

"அப்ப இத மட்டும் எப்படி ஒடைப்ப?"

என் வாயாலேயே என் வழியை அடைத்துவிட்டேன். கிணற்றுக் கல் என்று சொல்லி ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சந்தோஷத்தில் ஊரைக் கூட்டி, இது மலைதான் மலைதான் என்று நிரூபித்துவிட்டு நிற்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அம்மாவோ அதைவிடப் பெரிய கவலையில் இருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி வந்த வருஷம்தான் அந்தக் கிணறு வெட்டினார்கள். வெடித்த கல்லையெல்லாம் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டியவளே அவள்தான். "தெரியாம சாமியவா ஒடச்சி எடுத்தோம்?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அம்மா தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள்.

"பூசை போட்டுத்தான வெட்டுனோம். கேட்டுட்டுத்தான் எடுத்தோம். கேட்டதாலதான தண்ணி குடுத்தாரு."

அவள் முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பினாள். "நீ கேட்டியா?"

"யார?"

"மலைய."

ஆறு செமஸ்டர் இளங்கலை, நாலு செமஸ்டர் முதுகலை. பாறையிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஒரு பாடத்திலும் இல்லை. இல்லை என்று தலையாட்டினேன். அம்மா மோட்டார் கொட்டகைக்குப் போய், பம்ப்செட் சாமி படத்தின் அடியில் இருந்த கற்பூரத்தை எடுத்து வந்தாள். குவியலில் ஒரு கல் மேல் ஏற்றிவிட்டு நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். ஆரம்பிப்பதற்கு முன் என்னைக் கேட்டாள்.

"இந்தக் கல்ல அங்க என்னா பண்ணுவாங்க?"

"தமிழ்நாடு மேப்புல வைப்பாங்கம்மா."

"சுவத்துல மாட்டுவாங்களே, அந்த மேப்புதான?"

இல்லை, தரையில், அதன் மேல் எல்லோரும் நடப்பார்கள் என்று சொல்ல வேண்டும். ஒரு நொடிதான் யோசித்தேன். சாயங்காலம் பஸ், காலையில் கொத்தனார். ஆமாம் என்று தலை தானாக ஆடிவிட்டது.

அம்மா மலையிடம் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கடப்பாரை இரவல் கேட்கும் அதே குரல்தான். "எம் பொண்ணு படிப்புக்கு ஒரு கை கல்லு எடுத்துக்கறோம்ப்பா. மெட்ராசுல சுவத்துல வெச்சு எல்லாரும் பாக்கப்போறாங்க. பத்தரமா பாத்துக்குவா." என் பொய் அப்படியே மலைக்குப் போய்ச் சேர்ந்தது. சுத்தியலை நீட்டினேன். "நீ தள்ளு" என்று வாங்கிக்கொண்டு, வெடிக்குழித் தடம் இருந்த கல்லின் மூலையில் அவளே ஓங்கி அடித்தாள். நாலாவது அடியில் ஒரு துண்டு தெறித்து என் காலடியில் விழுந்தது. உள்முகம் பளபளவென்று இருந்தது. நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகான மாதிரிக் கல்லைப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை கொத்தனார் அதைப் பதித்தார். வாரம் முழுக்க ஒவ்வொரு ஊராக உட்கார்ந்தது. அரியலூர்க் கிளிஞ்சல், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, தஞ்சாவூர் உருண்டை, தெற்கே தேரிக்காட்டுச் சிவப்பு மணலைக் குழைத்த ஒரு பட்டை, மேற்கே கன்னங்கரேலென்று நீலகிரி. வேலை முடிந்து சிமென்ட் காய்ந்த அன்று பேராசிரியை, "ம், நடங்க" என்றார். எல்லோரும் ஓவென்று கத்திக்கொண்டு கடற்கரையிலிருந்து புறப்பட்டார்கள். முதலில் சேலத்தான், ஸ்போர்ட்ஸ் ஷூவோடு. சென்னையில் ஒரு கால், காஞ்சிபுரம் தாண்டி ஒரு கால். அடுத்த கால் எங்கே இறங்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"டேய்! கால எடுடா!"

முற்றமே திரும்பிப் பார்த்தது. அவன் ஒற்றைக் காலில் நின்றான். என் தொண்டையிலிருந்து வந்தது அம்மாவின் குரல். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் பின்வாங்கத் தோன்றவில்லை. எல்லார் முன்னாலும் கிணறு, கற்பூரம், சுவர் என்று சொன்ன பொய், ஒன்று விடாமல் சொன்னேன்.

பேராசிரியை யோசித்தார். "அந்தப் பாறை மண்ணுக்கு அடியில எவ்வளவு தூரம் போகுதோ தெரியாதுன்னு, கல்லோட குடுத்த குறிப்புல நீதானே எழுதியிருக்க? அப்ப எங்க நின்னாலும் மிதிச்சிட்டுத்தானே இருக்கோம்?"

"ஆமா மேடம். ஆனா இத எங்க அம்மா கேட்டு வாங்கினாங்க."

சேலத்தான் ஒற்றைக் காலிலேயே பின்னால் குதித்து, திருவண்ணாமலையைச் சுற்றிக்கொண்டு போனான். அவன் பின்னால் வந்தவர்களும் அப்படியே போனார்கள். அன்று யாருடைய காலும் அதில் படவில்லை.

வரைபடத்தைப் படம் எடுத்து அப்பாவின் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே அம்மா கூப்பிட்டாள். நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா, அது சுவரு இல்லம்மா. தரை. அன்னைக்கு உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். ஆனா யாரும் மிதிக்கலம்மா, நான் விடல."

போனைத் தூரப் பிடித்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்பா நடுவில் சொன்னார். கடைசியில் அம்மாவின் குரல் வந்தது.

"நம்ம கல்லுக்குக் கொஞ்சம் கீழ தள்ளி வெள்ளையா ஒண்ணு இருக்குதே, அது எந்த ஊரு?"

"சேலம்மா."

"அதையும் மிதிக்க வேணாம்னு சொல்லு."